உன்னைக் கேட்காமல் வாங்கிய விலக்கு

ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம்தான். ஆனால் நான் நலமாக இல்லை, நீயும் இருக்க மாட்டாய், ஆவல் மட்டும்தான் உண்மை. நீ பிரிக்ஃபீல்ட்ஸில் உன் சிநேகிதன் அறைக்குப் போனதிலிருந்து என் எண்ணைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவிக்கொண்டே கேட்பேன். உனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் உயர்த்துகிறாய். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தானே.

நேற்றும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை உன் மேலதிகாரி ரோஸ்லியைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். அம்மா கொண்டுவந்து கொடுத்த கோயில் கடிதத்தில் இருப்பது என் நம்பிக்கை இல்லை, அதை வைத்து எனக்குக் கொடுத்த விலக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறாயாம். அப்பா "சரிடா, யோசிச்சு செய்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவருக்கு எல்லாமே யோசித்துச் செய்ய வேண்டியதுதான். என்னால் அப்படி உட்கார்ந்திருக்க முடியவில்லை. நீ அதைச் சொன்னால் மறுநாளே உன்னை மறுபடி தெருநாய் பிடிக்கிற லோரியில் ஏறச் சொல்வார்கள். நீ ஏற மாட்டாய். ஏறாவிட்டால் முனிசிபல் கவுன்சில் வேலை போகும், அதுவும் உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில். அது போதாதென்று, எங்கள் கோயில் முத்திரை வைத்த கடிதம் என்றாலே இனி எல்லா ஆபீசிலும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இதை எழுதும்போதே எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, வரவும் இல்லை. எதிலும் மனம் நிற்கவில்லை.

கோயில் கடிதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அது நம் சாப்பாட்டு மேசையில்தான் எழுதப்படுகிறது. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவள், மலாயில் பிழையில்லாமல் எழுதுவாள் என்று கோயில் தலைவர் அந்த வேலையை என் தலையில் கட்டினார். கையெழுத்தும் முத்திரையும் அவருடையவை, வாசகம் என்னுடையது. தைப்பூசத்துக்கு முடி வளர்க்கும் பையனைப் பள்ளிக்கூடத்தில் வெட்டச் சொல்லக் கூடாது என்று ஒரு கடிதம். தெலுக் பங்லிமா காராங்கில் பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர் விரதத்தில் தாடியை எடுக்க மாட்டார், தாடிக்கு வலை மாட்டிக்கொண்டு வேலை செய்ய விடுங்கள் என்று ஒரு கடிதம். கையில் கட்டிய கயிற்றை அறுக்கக் கூடாது என்று ஒன்று. உண்மையிலேயே வேண்டிக்கொண்டவர்களும் வருவார்கள். தாடி வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு, அது முகத்திலேயே தெரியும். அவர்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவனுடைய வேண்டுதல் நிஜமா என்று சோதிக்க நான் யார்? கேட்டால் கொடுப்பதுதான் வழக்கம், யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. மாரியப்பன் வருகிறவரைக்கும்.

அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் முடி விஷயம். டெங்கி வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் முடி வளர்த்துப் பத்துமலையில் இறக்குகிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டேன். நீ இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிது. நான் அதே பள்ளியில் கிராணி. கடிதத்தை எழுதி உன் பையில் வைத்து அனுப்பினேன். கட்டொழுங்கு ஆசிரியர் உன்னை நிறுத்திக் கேட்டபோது, கடிதத்தை எடுத்து நீட்டாமல், "எனக்கு வேண்டுதல் இல்ல சார், எங்கம்மாவுக்குத்தான்" என்று சொல்லியிருக்கிறாய். அவர் சிரித்துக்கொண்டே உன்னை முடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். ஆபீசில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உனக்குச் சோறு போட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேன். கடைசியில் அந்த வருஷம் என் முடியை நானே இறக்கினேன். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நீ அந்தத் தலையைப் பார்த்துவிட்டு, "இப்ப சரிம்மா" என்றாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது என்று அப்பாவிடம் புலம்பினேன். இப்போது யோசித்தால், நீ அன்றைக்கே இப்படித்தான் இருந்திருக்கிறாய், எனக்குத்தான் உறைக்கவில்லை.

கவுன்சிலில் உன்னைச் சுகாதாரப் பிரிவில் சேர்த்தபோது, கொசுப்புழு பார்ப்பதும் சாக்கடைக்கு மருந்தடிப்பதும்தான் வேலை என்றார்கள். பிறகு ஆள் போதவில்லை என்று நாய் லோரிக்கு மாற்றினார்கள். அந்த லோரியில் போகிறவர்கள் எப்போதும் நம்மவர்கள்தான். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு நாயைத் தொடுவதில் மார்க்கத் தடங்கல் இருக்கிறது, அவர்களை யாரும் கடிதம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனால் ஒருவர் விலகினால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்கத்தான் வேண்டும். அங்கே நின்றவர்கள் பல வருஷமாக அந்த லோரியில் போகிற மாரியப்பனும் நீயும். எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. அரசாங்கச் சம்பளம், வீட்டுக்குப் பக்கம், வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

நீ சாப்பாட்டைக் குறைத்தபோதுதான் கவனித்தேன். என்னடா என்று துருவித் துருவிக் கேட்டதில் ஒரு நாள் சொன்னாய். மாரியப்பன் நுனியில் கண்ணி வைத்த கம்பைத் தூக்கினால் நாய்கள் சிதறி ஓடுமாம். நீ குந்தி உட்கார்ந்து நாக்கைத் தட்டிக் கூப்பிட்டால் வருமாம். அதனாலேயே உன்னை அந்த லோரியிலிருந்து விட மாட்டேன் என்கிறார்களாம். "கம்பைப் பார்த்து ஓடுறதைப் பிடிச்சாகூட பரவாயில்லம்மா. நான் கூப்பிட்டா வாலாட்டிக்கிட்டு வருது. யாரும் தேடி வரலன்னா ஊசி போட்டுச் சாகடிப்பாங்க, அப்பவும் நான்தான் பிடிச்சிக்கிறேன். அப்பவும் வாலாட்டுது." நான் என்ன சொன்னேன்? "கோழி சாப்பிடுறியே, அதுக்கு மட்டும் உயிர் இல்லையா?" என்றேன். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "கோழி என்னை நம்பி வரலியேம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாய். அன்றைக்கு ஆக்கிய குழம்பை நானும் சாப்பிடவில்லை.

பிறகு நீயாகப் போய் ரோஸ்லியிடம் கேட்டாய். சமயக் காரணம் இருந்தால் சொல், மாற்றிவிடுகிறேன், மனம் வரவில்லை என்பதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்று அவர் சொன்னார். நீ லோரியில் ஏற மறுத்தாய். கட்டளையை மீறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு உனக்குத் தாள் வந்தது. நான் பயந்துபோய் பிரிக்ஃபீல்ட்ஸில் வக்கீலாக இருக்கும் உன் பெரியப்பா மகளிடம் ஓடினேன். அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "சித்தி, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் மதம்னா சட்டத்துல நுழையறதுக்கு ஒரு கதவு இருக்கு. மனசாட்சின்னு தனியா ஒரு கதவு இங்க இல்ல. எந்தச் சாமி பேரும் சொல்லாம முடியாதுன்னா, அது வெறும் முடியாதுதான்." கொமியூட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பி வரும்போது, கதவு இருக்கிறது, சாவி நம் வீட்டு மேசையில் இருக்கிறது, இந்தப் பிள்ளை ஏன் வெளியே நின்று முட்டிக்கொள்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே உன்னிடம் சொன்னேன். "நம்ம கோயில்லயே பைரவர் இருக்காரு, அவரு வாகனமே நாய்தான். ஒரு லெட்டர் எழுதினா முடிஞ்சுது." நீ வேண்டாம் என்றாய். "நான் கோயிலுக்கே வர்றதில்லம்மா. பைரவர் இல்லாட்டியும் நான் செய்ய மாட்டேன். அதைத்தான் நான் சொல்லணும்." சொன்னால் யார் கேட்பார்கள் என்றேன். கேட்கவில்லை என்றால் பரவாயில்லை என்றாய். எனக்கு எப்படிப் பரவாயில்லாமல் இருக்கும்? மறுநாள் நீ குளித்துக்கொண்டிருந்தபோது எழுதினேன். எங்கள் குடும்பம் பரம்பரையாகப் பைரவரை வழிபடுவது, நாயைத் துன்புறுத்துவது எங்களுக்குப் பாவம், இந்தப் பிள்ளை அந்த விரதத்தில் வளர்ந்தவன் என்று. நன்றாகத்தான் எழுதினேன். தலைவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

கிராப் வாடகைக் காரில் உன் ஆபீசுக்குப் போனேன். ரோஸ்லி எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனிதர், அவரை இதில் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். கடிதத்தைப் படித்ததும் அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். 'காக், இதை முன்னாலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா' என்று மலாயில் கேட்டார். அவர்கள் அக்காவைக் காக் என்பார்கள். எனக்கும் அந்த வேலைக்கு ஆள் அனுப்ப மனம் வருவதில்லை காக், ஆனால் டாமான் குடியிருப்புகளில் பிள்ளைகளைக் கடிக்கிறது என்று தினமும் போன் வருகிறது, நான் என்ன செய்ய என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்றும் சொன்னார். ஒருவருக்கு என்றால் நான் பார்த்துக்கொள்வேன், எல்லாரும் கடிதத்தோடு வந்தால் மேலிடத்தில் எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று. தலையாட்டிவிட்டு வந்தேன். மறுவாரம் உன்னைக் கொசுப்புகை அடிக்கும் குழுவுக்கு மாற்றினார்கள். ஏன் என்று நீ என்னிடம் கேட்டாய், சொன்னேன். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அறைக்குள் போய்ப் படுத்தாய். பிறகு வந்த வாரங்களில் மறுசோறு கேட்டுச் சாப்பிட்டாய். சட்டையில் புகை மருந்து வாடையோடு வந்து சோபாவில் படுத்தால் அசந்து தூங்குவாய். அந்த வாடை எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் வாழைப்பழச் சீப்போடு வந்தார். நீ வெளியே போயிருந்தாய். எத்தனை முறை சொன்னாலும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எனக்கும் ஒரு லெட்டர் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கா? இத்தனை வருஷமா செய்றீங்களே மாரி."

"செஞ்சேன்கா. யாரும் என்னை முடியுமா முடியாதான்னு கேட்கல. உங்க பையன் வந்து முடியாதுன்னு சொன்னப்பதான், அப்படிச் சொல்லலாம்னே எனக்குத் தெரிஞ்சுது."

எனக்கு ரோஸ்லி வாசலில் சொன்னதுதான் காதில் விழுந்தது. இவருக்கும் எழுதினால் உன்னுடையதும் போகும். அதனால் நான் செய்ததைக் கேள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டேன். "உங்க குலதெய்வம் பைரவரா மாரி?"

"இல்லக்கா, எங்களுக்கு மதுரைவீரன்."

"அப்ப எப்படி எழுதறது? பொய் எழுத முடியாதே லா."

அவர் "சரிங்கக்கா" என்று எழுந்து போனார். பழத்தைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. அதை நான் யாருக்கும் கொடுக்காமல், சாப்பிடவும் முடியாமல், கறுத்துப் போகும்வரை வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் எனக்கு இந்த இருப்புக்கொள்ளாமை. நீ போனதால் வந்ததில்லை.

நான் எழுத மறுத்ததை அவர் உன்னிடம் புகாராகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய், "நம்ம குலதெய்வம் யாரும்மா?" எனக்குப் புரிந்துவிட்டது. அங்காளம்மன் என்றேன். வேறென்ன சொல்வது? "நீங்க எனக்கு விலக்கு வாங்கல. மாரியண்ணனுக்கு என் வேலையையும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கீங்க." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ போன பிறகு உன்னோடு மனதுக்குள் நிறைய சண்டை போட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். கடிதம் பொய் என்று உனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் அந்த வாரங்களில் நீ சாப்பிட்டாய், தூங்கினாய். மாரியப்பன் விஷயம் தெரிந்த பிறகுதான் உனக்கு உண்மை ஞாபகம் வந்தது. அம்மா கெட்டவள், பிள்ளை நல்லவன் என்று அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது. இப்படியெல்லாம் வாதாடிக்கொண்டு ஒரு நாள் கோயிலுக்குப் பின்னால் நடந்துபோனேன். அங்கே முன்பெல்லாம் ஒரு நாய்க் கூட்டம் படுத்திருக்கும். ஸ்கூட்டரில் வந்த பெண்ணைத் துரத்தி, அவள் விழுந்து கை முறிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவுன்சிலுக்குப் போன் செய்து லோரியை அனுப்பச் சொன்னது நான்தான். நீ அப்போது அங்கே வேலைக்குச் சேரவில்லை. வந்து பிடித்தவர் மாரியப்பன். அவருக்கு நான் காப்பி கொடுத்தேன், அவர் வெளியே நின்று குடித்தார். பைரவர் உள்ளேதான் இருந்தார், எனக்கு அவர் ஞாபகமே வரவில்லை. எனக்கு நாய் போக வேண்டும், பிடிக்கிறவன் மட்டும் என் மகனாக இருக்கக் கூடாது. இதை இவ்வளவு பச்சையாக எழுதிப் பார்க்கும்போது கூசுகிறது. ஆனால் இதுதான் நான்.

அதனால் மாரியப்பனுக்கும் எழுதினேன். மதுரைவீரனை வைத்தே எழுதினேன், காவல் தெய்வம், காவலுக்கு நாய் வேண்டும், எனக்கா எழுதத் தெரியாது? அதை எடுத்துக்கொண்டு, கடந்த சனிக்கிழமை அவர் ஃபிளாட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. உங்க பையன் போனதிலிருந்து லேட்டாத்தான் வராரு அக்கா என்று அவர் மனைவி சொன்னாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நேரத்தைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவர் வந்ததும் கீழே பொதுக்குழாயில் குளித்துவிட்டு, ஈரத்தோடு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்துகொண்டார். மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் இப்படி இருந்துட்டுத்தான் வருவாரு என்றாள். நான் இறங்கிப் போய் அங்கேயே நின்று கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா வேணாம்."

கோபமா மாரி என்றேன்.

"கோபம் இல்லக்கா. உங்க பையன் இடத்துக்கு கான்ட்ராக்டர்கிட்டேருந்து ஒரு நேப்பாளிய அனுப்பியிருக்காங்க. முப்பது வயசு இருக்கும். அவங்க ஊர்ல தீபாவளி சமயத்துல ஒரு நாள் நாய்க்கு மாலை போட்டு, பொட்டு வச்சு, சோறு வைப்பாங்களாம். போன்ல படம் காட்டினான், அவன் பொண்டாட்டி நாய்க்குப் பொட்டு வைக்கிறா. காட்டிட்டு போனை பாக்கெட்ல போட்டுட்டு, கம்பை எடுத்துக்கிட்டு இறங்கினான். நானும் போயிட்டா அவன் ஒருத்தன்தான்கா அந்த லோரில."

"அவனும் முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கான்ட்ராக்டர் ஊருக்கு அனுப்பிடுவான். உங்க லெட்டர் எல்லாம் அவன்கிட்ட செல்லாது."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவரும்போது எனக்கு அழுகை வந்தது. நான் எழுதிய கடிதங்களிலேயே ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாமல் எழுதக்கூடியது அவனுக்குத்தான், அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு ஆளை லோரியிலிருந்து இறக்கிவிட்டால் நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். என் பிள்ளை வலி என் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி மாரியின் வலி தெரியவில்லை, அவர் கேட்ட பிறகும் தெரிந்துகொள்ள நான் இஷ்டப்படவில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. உன் அம்மா சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான் இருக்கிறது. வருகிற பெண்ணுக்கு நல்லதையும்கூட அவளைக் கேட்காமல் செய்யாதே. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் நாம் கேட்காமல் செய்கிறோம்.

தலைவரிடம் போய் நடந்ததையும், அதை ரோஸ்லியிடம் சொல்ல நினைப்பதையும் சொல்லிவிட்டேன். "நீ அங்க போய்ச் சொன்னா, நாளைக்கு முடி வளர்க்கிற பிள்ளைங்க லெட்டரை யாரும்மா மதிப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இனி எழுதும்போது வந்தவர்களை உட்கார வைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதை மட்டும் எழுதுவேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இத்தனையும் ஆன பிறகும், வெள்ளிக்கிழமையை நினைத்தால் 'போகாதே, வாயை மூடிக்கொண்டு புகை அடித்துக்கொண்டிரு' என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது. மறைக்க மாட்டேன். உனக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

ஆனால் நீ தனியாகப் போய்ச் சொன்னால், பிள்ளை ஏதோ கோபத்தில் பேசுகிறான் என்று ரோஸ்லி அந்தக் கடிதத்தையே பிடித்துக்கொள்வார். அவருக்கும் அது வசதி. எழுதியவள் வந்து சொன்னால்தான் அது செல்லாமல் போகும். சாமியும் பொய்யில்லை, என் மகன் மாட்டேன் என்றதும் பொய்யில்லை, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நான் என்று சொல்வேன். அவன் மாட்டேன் என்பதற்கு அவனைத் தவிர வேறு சாட்சி கிடையாது, மாரியப்பனுக்கும் அப்படித்தான் என்று சொல்வேன். அவர் 'அப்படியானால் நாயை யார் பிடிப்பது காக்' என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. போன் செய்து லோரியை வரச் சொன்னவளும் நான்தான், என்னையும் சேர்த்துக்கொண்டு யோசியுங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். உனக்கும் பதில் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரியாமலே போய் அங்கே உட்கார வேண்டியதுதான்.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போன தடவை உன்னைக் கேட்காமல் அந்த ஆபீஸ் படி ஏறினேன். இந்தத் தடவை கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நான் உன்னோடு வரட்டுமா? வேண்டாம் என்றால் வர மாட்டேன். காரணம் கேட்க மாட்டேன்.

உன் அம்மா